இரண்டாம் மாதிரித் துவக்கும் நான் வாசிக்காமல் விட்ட வரியும்

மகன்,

நேற்றுப் பூசையில் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கும் உன்னுடைய கலியாண ஓலையை இரண்டாம் தரம் வாசித்தார்கள். உன் பெயர், என் பெயர், றெஜினாவின் பெயர், அவளுடைய தகப்பன் மரியதாசின் பெயர் என்று சுவாமியார் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று கடைசியில் வழக்கம்போலச் சொன்னார். போன ஞாயிறும் இதையே கேட்டேன். அன்றைக்குத் தலையைக் குனிந்து சமாளித்துவிட்டேன். நேற்று அது நடக்கவில்லை. முன்வரிசை வாங்கில் இருந்த மரியதாஸ் திரும்பி என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க ஏலாமல் போய்விட்டது. பூசை முடிந்ததும் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் நீ ஒரு துவக்கின் கதையைக் கேட்கவேண்டும்.

சிரிக்காதே. அப்பா துவக்குக் கதை தொடங்கினால் சோறு ஆறிப்போகும் என்று நீயும் தங்கச்சியும் குசினிக்குள் நின்று பகிடி பண்ணுவது எனக்குத் தெரியும். நூறு தரம் சொல்லியிருப்பேன். ஆனால் நூறு தரமும் ஒரு துண்டை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். போன கடிதத்தில் நீ அரைப் பகிடியாக ஒன்று கேட்டிருந்தாய்: "மரியதாஸ் மாமாவின் மறதி வருத்தம் பரம்பரையாக வருமோ, அப்பா? றெஜினாவும் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறாள்." அந்தக் கேள்விக்கு நேற்று வரை இந்த உலகத்தில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நான் கடற்படை யாட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது நாட்டில் கொடி மாறியிருந்தது, துறைமுகத்தில் வெள்ளைக்காரன் மாறவில்லை. பிறகு அவனும் போனான். யார் வந்தாலும் யார் போனாலும் ஆயுதசாலையில் நானும் மரியதாசும் இருந்தோம். துவக்கைக் கழற்றி, உரஞ்சித் துடைத்து, பழையபடி பூட்டுவது என் வேலை. கடைசியாக எண்ணெய் போட்டு மூடுவது அவனுடைய வேலை. அவன் கை பட்ட இரும்பில் துரு ஏறியதை நான் கண்டதில்லை. எங்கள் ஊர் உப்புக் காற்று உனக்குத் தெரியும், அம்மாவின் தையல் மெசின் ஊசி ஒரு மாரியைத் தாண்டாது. அதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து எண்ணெய்தான். கதவுப் பிணைச்சலுக்கும் எண்ணெய், வள்ளத்து எஞ்சினுக்கும் எண்ணெய், துவக்குக்கும் எண்ணெய். கடலோரத்தில் பிறந்தவன் எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் கேட்கமாட்டான்.

அந்தக் காலத்துத் துவக்கு ஒவ்வொரு வெடிக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ளவேண்டிய துவக்கு. அதற்குப் பிறகுதான் தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் துவக்கு வந்தது. அதன் முதல் மாதிரியை நாங்கள் ஆவலோடு பெட்டி திறந்தோம், ஆறு மாதத்தில் வெறுத்துப்போனோம். மாரி வந்தால் மரப்பிடி ஊறிப் பருத்து இரும்பை நெரிக்கும். கச்சான் காற்று வீசினால் கடற்கரை மணல் உள்ளே போய் ஓடுகிற பாகத்தைப் பிடித்துக்கொள்ளும். நாலு வெடி நன்றாக வெடிக்கும், ஐந்தாவதுக்கு வெடித்த ரவையின் வெறும் கோது வாசலில் குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்கும். "இதுக்குப் பேர் தானா ஏத்துற துவக்காம், நான் கையால ஏத்தினா இதை விடக் கெதியா ஏத்துவன்" என்று மரியதாஸ் அதைத் திட்டாத நாள் இல்லை.

பிறகு இரண்டாம் மாதிரி வந்தது. பத்துத் துவக்கு, பரீட்சித்துப் பார்க்கவென்று. முதல் துவக்கை மேசையில் கழற்றி வைத்துவிட்டு நான் கதிரையில் இருந்துவிட்டேன், மகன். வெளிப்பார்வைக்கு அதே துவக்குத்தான். ஆனால் முதல் மாதிரியில் நாங்கள் எங்கெங்கே முட்டுப்பட்டோமோ அங்கெல்லாம் யாரோ கை வைத்திருந்தார்கள். மரம் இருந்த இடத்தில் தண்ணீரில் ஊறாத கறுத்தப் பிடி. முன்னும் பின்னும் ஓடுகிற பாகத்தின் பக்கத்தில் சரிவாக வெட்டிய ஆழமான கோடுகள். முதலில் யாரோ இரும்பைப் பழுதாக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு சிட்டிகை மணலைப் போட்டு நானே இழுத்துப் பார்த்தேன். மணல் அந்தக் கோடுகளுக்குள் ஒதுங்கி, வழிவிட்டு, கீழே கொட்டிப்போனது. எங்கள் கடற்கரையைக் கண்ணால் காணாத ஒருவன் எங்கள் மணலுக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறான்! மரியதாசைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் மணல் போட்டான், இழுத்தான், திரும்பவும் போட்டான். அன்று காலைத் தேத்தண்ணீர் இரண்டு பேருக்கும் ஆறிப்போனது.

அதை விடப் பெரிய அதிசயம் உள்ளே இருந்தது. ரவை வெடிக்கும்போது வரும் வாயுவில் கொஞ்சத்தைக் குழலின் மேலே உள்ள ஒரு சின்னத் துளை களவாய் எடுக்கும். அந்த மூச்சு ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளும். தண்டு பூட்டைத் திறக்கும், வெறும் கோது வெளியே பாயும், சுருள் கம்பி திரும்பத் தள்ளும், அடுத்த ரவை ஏறிவிடும். கண்ணிமைக்க முன் எல்லாம் முடிந்துவிடும். இரண்டாம் மாதிரியில் அந்த மூச்சைக் கூட்டவும் குறைக்கவும் இலக்கம் போட்ட ஒரு வளையமும் வைத்திருந்தார்கள். தன்னுடைய வெடியிலேயே ஒரு பங்கை எடுத்துத் தன்னுடைய அடுத்த வேலையைச் செய்துகொள்ளும் இரும்பு! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறிகிறது. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது அவள் மீன் வெட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, அதின்ர மற்றப் பக்கத்தில ஆர் நிக்கிறது?" என்று கேட்டாள். ஊர் இப்போது போகிற போக்கில் அந்தக் கேள்வி அடிக்கடி ஞாபகம் வருகிறது. உனக்கு நான் மறைக்காமல் எழுதுகிறேன், அந்தக் காலத்தில் நான் அதை யோசிக்கவேயில்லை, இயந்திரத்தின் அழகு என் கண்ணை மறைத்துவிட்டது.

துவக்கோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது, இங்கிலீசில். மரியதாசுக்கு இங்கிலீசு வாசிக்க வராது. காலைத் தேத்தண்ணீருக்கு நான் ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்லுவேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். ஒரு தரம் கேட்டால் போதும். எந்தப் பாகம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதுகூட அவனுக்கு மனப்பாடம். யாட்டில் ஆருக்காவது எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் அவனைத்தான் கேட்பார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். அன்றைக்கு மரியதாசின் ஞாபகம் அப்படிப்பட்ட ஞாபகம்.

எண்ணெய் போடுவதைப் பற்றிய பக்கத்தில் ஒரு வரி இருந்தது. வாயு போகும் குழாயையும் அதற்குள் ஓடும் தண்டையும் நன்றாகத் துடைத்து உலர்ந்தபடியே விடவேண்டும், அதற்கு எண்ணெய் போடவே கூடாது என்று. அதை என் கண் வாசித்தது, வாய் வாசிக்கவில்லை. குளிர் தேசத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எழுதினவனுக்குத் திருகோணமலை உப்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். வாசித்துக் காட்டினால் மரியதாஸ் "புத்தகத்தில கிடந்தா அப்பிடித்தான் செய்யவேணும்" என்று ஒற்றைக் காலில் நிற்பான், அவனோடு தர்க்கப்பட எனக்குப் பஞ்சி, அலுப்பு. அந்த ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். பரீட்சைக்கு முதல்நாள் அவன் பத்துத் துவக்கின் தண்டுக்கும் தடித்த எண்ணெயைப் பக்குவமாகத் தடவி மூடினான். பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பரீட்சை கடற்கரைச் சூட்டுத்தளத்தில். நல்ல கச்சான் காற்று. பெரிய உத்தியோகத்தர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் மகசீன் ரவை தேவதூதன் பாடினது போலப் போனது. இரண்டாவதில் ஒரு துவக்கு நின்றது. பிறகு மூன்று. கொஞ்ச நேரத்தில் பத்தில் ஏழு ஊமையாகிப்போயின. கொட்டிலுக்குள் கொண்டுபோய் ஒன்றைத் திறந்தேன். நாங்கள் போட்ட எண்ணெய் சூட்டில் கருகி, மணலையும் சேர்த்துப் பிடித்து, பாகு அடிப்பிடித்த தாச்சி மாதிரித் தண்டோடு ஒட்டிக் கிடந்தது. தண்டுக்கு மூச்சு விட வழியில்லை. அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துவக்கில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த கிழமை விசாரணை. உத்தியோகத்தர் புத்தகத்தை விரித்து அந்த வரியை எங்கள் முன்னால் உரக்க வாசித்தார். எண்ணெய் போட்டது ஆர் என்று கேட்டார். "நான்தான் சேர்" என்றான் மரியதாஸ், ஒரு தயக்கமும் இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பி, இந்தப் புத்தகத்தை முழுவதும் இவருக்கு வாசித்துக் காட்டினாயா என்று கேட்டார். நீ அப்போது முதலாம் வகுப்பு, தங்கச்சி வயிற்றில். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. சாட்டுக்குப் போதாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மரியதாஸ் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, ஞாபகப்படுத்திப் பார்க்கிற முயற்சி மட்டும்தான் இருந்தது. நான் "யெஸ் சேர்" என்றேன்.

வெளியே வந்து நடக்கும்போது அவன் கோபித்திருந்தால், அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "நீ வாசிச்சிருப்பாய் மச்சான்," என்றான். "எனக்குத்தான் மறந்துபோச்சு. எப்பிடி மறந்தனான் எண்டு விளங்கேல்ல." நான் அவன் தோளில் கையைப் போட்டேன். மகன், நான் செய்த எல்லாவற்றிலும் கேவலமானது அந்தக் கையைப் போட்டதுதான்.

அவனை ஆயுதசாலையிலிருந்து எடுத்துக் கயிற்றுக் களஞ்சியத்துக்குப் போட்டார்கள், பென்சன் வரை அங்கேதான். துவக்குகளை நான் துடைத்து உலர்த்தினேன், மறு பரீட்சையில் பத்தும் ஒரு தடங்கல் இல்லாமல் வெடித்தன. அந்தத் துவக்கு செய்கிற தொழிற்சாலைக்கு எங்கள் இரண்டு பேரையும் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தது. நான் மட்டும் போனேன். வீட்டுச் சுவரில் நீ பார்த்து வளர்ந்த, நான் கோட்டுப் போட்டுப் பனியில் நிற்கிற படம் அப்போது எடுத்ததுதான். அதில் என் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் இருப்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். எனக்கு அந்தப் படத்தில் அது மட்டும்தான் தெரியும்.

அந்தத் தொழிற்சாலையில் வேலைக்காரர் உள்ளே வரும் வாசலில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. பரிசுக் கிண்ணங்களாக்கும் என்று கிட்டப்போய்ப் பார்த்தேன். எல்லாம் உடைந்த சாமான். முதல் மாதிரியில் வெடித்த பிடி, வளைந்த தண்டு, தேய்ந்த கொளுக்கி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கடதாசி: என்ன பிழை, ஆர் விட்ட பிழை, அதற்காக என்ன மாற்றினார்கள். அங்கே சுருள் முறுக்குகிற ஒரு பெண், என்னை விடக் கொஞ்சம் வயது கூடியவள், ஒரு சின்னச் சுருளைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டு, இது நான் விட்ட பிழை என்றாள். பிள்ளையின் படத்தைக் காட்டுகிற மாதிரிக் காட்டினாள். அவள் ஒத்துக்கொண்டபடியால் இரண்டாம் மாதிரியில் அந்தச் சுருள் இரட்டைக் கம்பியாக வந்தது. நான் வியந்து வியந்து பார்த்த துவக்கு அந்த அலுமாரிக்குள்ளிருந்துதான் வந்தது என்று விளங்க, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன். வந்தும் வாயைத் திறக்கவில்லை. அதிசயத்தை அதிசயம் என்று கண்டுகொள்கிறவனுக்கு அதன்படி நடக்கத் தெரியவேண்டும் என்று இல்லை. உன் அப்பாவுக்குத் தெரியவில்லை.

மரியதாசுக்கு வேலை போகவில்லை. போனது வேறு. தன் ஞாபகத்தில் இருந்த நம்பிக்கை அன்றைக்கு அந்த மேசையில் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவன் சட்டைப் பையில் நெருப்புக்குச்சி வைக்கத் தொடங்கினான். கடைக்கு மூன்று சாமானுக்குப் போனால் மூன்று குச்சி. ஒவ்வொன்றும் வாங்கி முடிய ஒரு குச்சியை எறிவான். விளக்கை ஊதி நூர்த்துவிட்டு மனுசியைக் கேட்பான், "நான் நூர்த்தனானோ?" என்று. மனுசி கண்மூடியபின் றெஜினாவைக் கேட்பான். அந்தப் பிள்ளை தகப்பனுக்காகப் பூட்டை இரண்டு தரம் பார்த்துப் பார்த்துத் தனக்கும் பழக்கமாக்கிக்கொண்டது. அதைத்தான் நீ பரம்பரை வருத்தமோ என்று கேட்டாய். அது பரம்பரை இல்லை, மகன். அது என்னுடைய "யெஸ் சேர்".

நேற்று நான் போனபோது அவன் கலியாணத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆட்களுக்காகக் குச்சிகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தான். மூதூர்ச் சொந்தக்காரருக்கு ஒரு வரிசை, குச்சவெளிச் சொந்தக்காரருக்கு ஒரு வரிசை. றெஜினா கடைக்குப் போயிருந்தாள். நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். அந்த வரி என்ன, அதை ஏன் விட்டேன், விசாரணையில் என்ன சொன்னேன், எல்லாம்.

அவன் கையில் இருந்த குச்சியை மேசையில் வைத்தான். பிறகு கேட்டான்: "அப்ப நீ வாசிக்கேல்ல?"

"இல்லை."

"ஒருக்காலும் வாசிக்கேல்ல?"

"இல்லை, மச்சான்."

"அப்ப நான் மறக்கேல்ல," என்றான். எனக்குச் சொல்லவில்லை. சுவருக்குச் சொன்னான். திரும்பவும், கொஞ்சம் சத்தமாக, "நான் மறக்கேல்ல" என்றான். இருபது வருசமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எடுபட்டது போல அவனுக்கு மூச்சு வந்தது. அழுதான். நானும் அழுதேன். அவன் என்னை ஆறுதல்படுத்தவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு மேசையில் இருந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டு மூடினான். கூப்பிட வேண்டிய ஆட்களின் பெயர்களை வாயால் சொல்லத் தொடங்கினான். நாற்பத்திரண்டு பேர். ஒருவரைத்தன்னும் விடவில்லை. நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் துவக்கைத் திறந்த நாளுக்குப் பிறகு நான் அப்படி அதிசயித்துப்போனது நேற்றுத்தான்.

வாசலுக்கு வரும்போது கேட்டான், "மகனுக்குத் தெரியுமோ?" இல்லை என்றேன். "அப்ப எழுது. உன்ர மகன் என்ர பிள்ளையை வருத்தக்காரன்ர பிள்ளை எண்டு நினைச்சுக் கட்டக்கூடாது. கலியாணத்தைப் பிள்ளையள் ரெண்டும் கதைச்சு முடிவெடுக்கட்டும். மன்னிச்சனானோ எண்டு இண்டைக்கு என்னட்டக் கேக்காத. ஆனா எழுதேக்க..." என்று என் முகத்தைப் பார்த்தான், "இந்த முறை ஒரு வரியும் விடாத."

விடவில்லை. வெள்ளிக்கிழமை ரெயில் கோச்சியில் நீ வந்து இறங்கியதும் இதை உன் கையில் தருவேன். கலியாணத்துக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய், என்னிடம் உள்ள புத்தி இவ்வளவுதான். ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்க முன், சனிக்கிழமை இதை றெஜினா வீட்டுக்குக் கொண்டு போ. அவள் என்னை மாமா என்று கூப்பிட விருப்பமில்லை என்று சொன்னால் அது அவளுடைய நியாயம், நீ எனக்காகப் பேசாதே. மரியதாசுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். அவனைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் இருந்து, நீயே உரக்க வாசித்துக் காட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். ஒரு தரம் வாசித்தால் போதும், அவனுக்கு மறக்காது.

அப்பா